பட்டனுக்கு அக்கா செய்த கம்பிக்கயிறு

கிரேன் யார்டில் அவளுக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் ‘அக்கா’தான், அவள் நாலடி தள்ளிப் போன பிறகு முன்னால் இருக்கிற சொல்லும் வந்து சேர்ந்துகொள்ளும். அவளுக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருந்துவிடுவாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இரும்புக் குழாய்களும் இயந்திரப் பெட்டிகளும் லாரியிலிருந்து இறங்கி, அடுக்கப்பட்டு, மறுபடி லாரி ஏறுகிற யார்டு அது. ஏழு கிரேன்கள். ஏழின் கம்பிக்கயிறுகளையும் காலையில் வேலை தொடங்குமுன் அவள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் ஒரு கொக்கி மேலே போகாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு இந்த இடம் சும்மா வந்துவிடவில்லை. பதினெட்டு வயதில் அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஏழு வருடம் கழித்து ஒருநாள் தரையில் சுருண்டு கிடந்த கம்பிக்கயிற்றைத் துடைத்தபோது துணி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு கம்பி இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த சாண் தூரத்தில் இன்னும் நாலு. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே இன்ஜினியரிடம் போய், “சார், அந்தக் கயிறு தாங்காது” என்றாள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. வந்து பார்த்தார். அன்றிலிருந்து துடைப்பம் போய்த் துணி மட்டும் அவள் கையில் தங்கிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக அதே முறை. பழைய பருத்தித் துணியைக் கயிற்றின் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பாள். துணி மாட்டுகிற இடத்தில் சாக்பீஸ் கோடு. கோடுகள் நெருங்கி வந்தால் சிவப்பு பெயிண்ட். பெயிண்ட் பட்ட கயிறு அன்றோடு சரி. யார் கெஞ்சினாலும் அவள் மசிய மாட்டாள். “அக்கா, இன்னைக்கு ஒருநாள் ஓட்டிக்கிறேனே” என்று ஆபரேட்டர்கள் வழிவார்கள். “அந்த ஒருநாள்ல நீ கீழ நில்லு, நான் மேல உக்காந்து ஓட்டுறேன்” என்பாள். அவள் பார்த்துச் சரி என்று சொன்ன கயிறு ஒன்றும் அறுந்ததில்லை. இதை அவளே சொல்லிக்கொள்ள மாட்டாள். மற்றவர்கள் சொல்லும்போது தடுக்கவும் மாட்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. ஐந்து வயது இளையவன். தாய் போன பிறகு தலை வாரிவிட்டதிலிருந்து தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தது வரை எல்லாம் அவள்தான். நகரத்தின் ஓரத்தில், பெரிய சாலையை ஒட்டி இருந்த சின்ன வீட்டில், முன் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளி யூனிஃபார்மும் ஜன்னல் திரையும் தைத்துக்கொண்டிருந்தான். மகளுக்கு வெளியூரில் வேலை. மனைவி இல்லை. பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் கடைசியில், “நீ சொன்னா சரிதான்க்கா” என்பான். அக்காவுக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடிக்கும்.

அவனோடு ஒரு நாய் இருந்தது. குட்டியாக வந்த முதல் நாளே சட்டைப் பட்டன் ஒன்றை விழுங்கிவிட்டதால் அதற்குப் பெயரே பட்டன். இப்போது இருபத்தெட்டு கிலோ. மெஷின் ஓடும்போது அதன் காலடியில் படுத்திருக்கும். மெஷின் நின்றால் தலையைத் தூக்கி, “என்ன, முடிஞ்சுதா?” என்கிற மாதிரி பார்க்கும். தம்பி ஒரு நாளில் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அதனிடம்தான்.

வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. அதுதான் தொல்லை. ஒருநாள் பட்டன் சாலைக்கு ஓடி, ஸ்கூட்டரில் வந்த ஒரு டீச்சர் பிரேக் பிடித்து விழாத குறை. அதன் பிறகு தம்பி என்னென்னவோ கட்டிப் பார்த்தான். நைலான் கயிற்றைக் கடித்துத் துப்பியது. நூல் கயிறு இரண்டு மழைக்கு இற்றுப்போனது. இரும்புச் சங்கிலி வெயிலில் கொதித்தது, காலில் சுற்றியது, துருவேறி முற்றம் எல்லாம் பழுப்புக் கோடு போட்டது.

“வெளியில கட்டுறதுக்கு நல்ல கேபிளா ஒண்ணு பாக்கணும்க்கா. மழையில வெயில்ல தாங்குற மாதிரி” என்றான் போனில்.

“கயிறு விஷயமா நீ எதுக்குடா மண்டையை உடைக்கிற? நான் எதுக்கு இருக்கேன்?” என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் வைத்தார். நாய்க்கென்றே செய்த கேபிள். உள்ளே எஃகுக் கம்பி, மேலே பச்சை பிளாஸ்டிக் உறை, இரண்டு பக்கமும் சுழலும் கொக்கி, ஒரு முனையில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங்.

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். உறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கொக்கியைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள். ஸ்பிரிங்கிடம் வந்ததும் விரல் நின்றது.

“இது என்ன?”

“ஸ்பிரிங்மா. நாய் ஓடிவந்து இழுத்துச்சுன்னா கொஞ்சம் நீண்டு கொடுக்கும்.”

“கயிறு கொடுக்கவே கூடாதே.”

“இது நாய்க்குக் கட்டுறதும்மா. இன்ஜினுக்கு இல்ல.”

“நாயோ இன்ஜினோ, கயிறுன்னா கயிறுதான். எங்க யார்டுல ஒரு கயிறு நீண்டுச்சுன்னா அன்னைக்கே அதைத் தூக்கிப் போட்டுருவோம். இது புதுசாவே நீளுது. முதல்ல பிட்டுக்கிறதும் இந்த எடமாத்தான் இருக்கும். வேணும்னா எழுதித் தர்றேன்.”

கடைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி தொண்டையைச் செருமினான்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு.”

“யூனிஃபார்ம் பாவாடைக்கு இடுப்புல எலாஸ்டிக் வைக்கிறோம்ல. வெறும் பட்டை வச்சுத் தச்சா பிள்ளைங்க குனிஞ்சு நிமிரும்போது இடுப்பை அறுத்துரும். அதுமாதிரி இதுவும் கொஞ்சம்...”

“பாருங்க சார், பாவாடையையும் கம்பிக்கயிறையும் ஒண்ணு சேக்குறான்” என்று அக்கா கடைக்காரரிடம் சொன்னாள். “இவன் பேச்சைக் கேட்டா நான் ஏழு கிரேனுக்கும் எலாஸ்டிக் போட வேண்டியதுதான்.”

கடைக்காரர் சிரித்தார். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தரையில் கிடந்த ஆணியைக் காலால் ஒதுக்கினான். “நீ சொன்னா சரிதான்க்கா.”

அவள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கயிறு எட்டு மீட்டர் வாங்கினாள். இரண்டு சுழல் கொக்கிகள், முனைக்கு மூன்றாக ஆறு கிளிப்புகள். தம்பி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவளே செய்தாள். மடிப்புக்குள் உலோக வளையம் வைத்து, கிளிப்புகளை ஒரே திசையில் மாட்டி, ஸ்பானரால் இறுக்கி, வெட்டின முனை நாயைக் குத்தாமல் இருக்க ரப்பர் உறை போட்டாள். முற்றத்தின் நட்ட நடுவில் இரும்புக் குழாய் ஒன்றைக் கான்கிரீட்டில் நட்டார்கள். கான்கிரீட் காய நாலு நாள் விட்டு மறுபடி வந்து, கயிற்றை மாட்டி, அக்காவும் தம்பியும் ஒரு முனையைப் பிடித்துக் குதிகாலை ஊன்றி இழுத்துப் பார்த்தார்கள். மயிரிழை அசையவில்லை.

“இதுதான்டா கயிறு” என்றாள்.

தம்பி தன் பங்குக்குக் கழுத்துப் பட்டை ஒன்று தைத்திருந்தான். கித்தான் துணி இரண்டு மடிப்பு, உள்ளே மெத்தென்று கம்பளித் துணி. அதைக் காட்டினான். அக்கா புரட்டிக்கூடப் பார்க்காமல், “ம், நல்லாருக்கு” என்றாள். அவள் கண் எல்லாம் கயிற்றின் மேல் இருந்தது.

ஒன்பது நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, எதிர் வீட்டு மதில்மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது.

பட்டன் அப்போது முற்றத்தின் ஒரு கோடியில் இருந்தது. குழாய் நடுவில். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதினாறு மீட்டர். அவ்வளவு தூரமும் அது வேகம் எடுத்தது. தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி அடியில் அது எம்பியது. எம்பின உடம்பு அந்தரத்தில் அப்படியே பின்பக்கமாக மடிந்து, முதுகு அடிபட விழுந்தது. கத்தவில்லை. சத்தமே வரவில்லை. கயிறு தாங்கியது. கிளிப் நகரவில்லை. குழாய் சாயவில்லை.

போன் வந்ததும் அக்கா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வாடகை வேனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தம்பி முற்றத்தில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாய் கண்ணை மட்டும் உருட்டியது. அக்கா வேனிலிருந்து இறங்கி முற்றத்துக்குள் வந்தாள். வந்தவள் நேரே கயிற்றிடம் போனாள். கைப்பையிலிருந்து துணியை எடுத்துச் சுற்றி முனையிலிருந்து முனை வரை இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் மாட்டவில்லை. அவளுக்கு ஒரு மூச்சு ஆறுதலாக வந்தது. அப்புறம்தான் நாயிடம் திரும்பினாள்.

அந்த மூச்சை நினைத்துத்தான் பின்னால் அவள் நாள்கணக்காகக் கூசிப்போனாள்.

கால்நடை டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுத்தார். எலும்பு முறியவில்லை, தசை கிழிந்திருக்கிறது, தொண்டை வீங்கியிருக்கிறது என்றார். ஆறு வாரத்துக்குக் கழுத்தில் எதுவும் போடக்கூடாது, குரல் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“எதுல கட்டியிருந்தீங்க?”

“கம்பிக்கயிறு டாக்டர். எங்க அக்கா செஞ்சது” என்றான் தம்பி. “ரொம்ப ஸ்ட்ராங்கான கயிறு.”

“நடுவுல ஸ்பிரிங் ஏதாவது...”

“பட்டைதான் டாக்டர் சரியில்ல” என்றாள் அக்கா. அவர் கேட்டு முடிக்கவில்லை. அதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது. “வீட்லயே தச்சது. அகலம் பத்தல. கழுத்தை அறுத்திருச்சு.”

தம்பி மேசைமேல் கிடந்த பட்டையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லை. சிவப்பு பெயிண்ட் அடிக்கும்போது இருக்கிற அதே முகம்.

“அப்படியா. அப்ப இனிமே கடையில நல்லதா வாங்கிப் போடுங்க” என்றார் டாக்டர்.

“சரி டாக்டர்” என்றான் தம்பி. அவன் குரல் நாயின் குரலைவிடக் கம்மியாக இருந்தது.

அன்று மாலை அக்கா தன் வீட்டில் கைப்பையைக் கவிழ்த்தபோது அந்தப் பட்டை விழுந்தது. டாக்டர் கழற்றிக் கொடுத்ததை அவள்தான் பைக்குள் போட்டிருந்தாள். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதல்முறையாக அதைப் பார்த்தாள். அங்குல நாடாவை வைத்து அளந்தாள். இரண்டு அங்குல அகலம். விளிம்பு ஓரத்தில் மூன்று வரிசைத் தையல். வளையம் மாட்டுகிற இடத்தில் சதுரம் போட்டு, சதுரத்துக்குள் குறுக்கே இரண்டு கோடு. வளையம் லேசாக நெளிந்திருந்தது. தையலில் ஒரு நூல்கூட விலகவில்லை. அவளுக்குத் தெரிந்த எந்த முறையில் பார்த்தாலும் அது பாஸ்.

மறுநாள் யார்டில் புதிதாக வந்த ஆபரேட்டர் ஒருத்தன் குழாய்க் கட்டை வெடுக்கென்று தூக்கினான். கட்டு ஆடியது. “டேய், வெட்டி இழுக்காத” என்று கத்தினாள் அக்கா. “கயிறு எடையில போறதில்ல, இப்படி வெடுக்குனு இழுக்குற வெட்டுலதான் போகுது. எத்தனை தடவை சொல்றது...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக நாள் தவறாமல் அவள் சொல்லிவரும் பாடம் அது. யார்டில் சுமை தானாக ஓடாது. வெட்டி இழுப்பது ஆபரேட்டர் கையில் இருக்கிறது. அவனைத் திட்டினால் போதும். அதனால் கயிறு நீண்டு கொடுக்க வேண்டியதில்லை. நாய்க்கு யார் போய் மெதுவாக ஓடு என்று சொல்வது? இருபத்தெட்டு கிலோ, பதினாறு மீட்டர் ஓட்டம், கொஞ்சமும் இளகாத கயிறு. அத்தனை வெட்டும் போய் இறங்கிய இடம் அந்தக் கழுத்து. கடையில் கடைக்காரருக்குத் தெரிந்தது. பாவாடை தைக்கிறவனுக்குத் தெரிந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை. இல்லை, டாக்டர் ‘ஸ்பிரிங்’ என்று வாயெடுத்தபோதே தெரிந்துவிட்டது. அதனால்தான் வாய் முந்தியது.

“என்னக்கா, பாதியில நிறுத்திட்டீங்க? பாக்கித் திட்டு நாளைக்கா?” என்றான் ஆபரேட்டர்.

அவள் கொட்டகைக்குள் போனாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மூத்த ஆபரேட்டர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வீட்டுத் திரைகளைத் தைப்பது தம்பிதான்.

“உங்க தம்பி பாவம்க்கா. எங்க வீட்டம்மா நேத்து போயிருந்தாங்க. ‘நான் தச்ச பட்டையாலதான் நாய்க்கு இப்படி ஆச்சு’ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்காராம். நாயை வேற குடுத்துரப் போறாராம்.”

“யார்கிட்ட?”

“மாட்டுப் பண்ணைக்காரர்கிட்ட. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாராம்.” அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சிரித்தார். “அந்தப் பட்டை முதல்லயே உங்க கைக்கு வந்திருந்தா செவப்பு பெயிண்ட் அடிச்சிருப்பீங்க. தம்பிங்கிறதால விட்டுட்டீங்க போல.”

அக்கா கையிலிருந்த சோற்றை டிபன் பாக்ஸிலேயே போட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை போகலாம் என்று நினைத்தாள், போகவில்லை. ஆறாவது கிரேனுக்குப் புதுக் கயிறு வருகிறது என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் காரணம் எதுவும் மிச்சமில்லை. முதலில் ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

“அன்னைக்குக் காமிச்சீங்களே, அந்த பச்சைக் கேபிள்.”

“தம்பி கேட்டாரே, அதுவா?” என்றார் கடைக்காரர்.

“ஆமா. அவன் கேட்டதுதான்.”

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் காது மடல் சுட்டது. நாயின் எடையைச் சொன்னாள், அடிபட்ட கதையையும் சொன்னாள். அவர் எட்டு மீட்டர் வேண்டாம், நாலு மீட்டர் எடுங்கள், ஓடி வேகம் பிடிக்க இடம் கொடுக்காதீர்கள் என்றார். கழுத்தில் கட்டாமல் நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டையில் மாட்டச் சொன்னார். ஸ்பிரிங் எவ்வளவு நீளும், உறை வெயிலில் எத்தனை நாள் வெடிக்காமல் இருக்கும், உள்ளே தண்ணீர் போனால் எப்படித் தெரியும் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்தத் தடவை அவர் சொன்னதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

தம்பி வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டன் அதன் காலடியில், ஒரு தலையணைமேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் வால் ஒருமுறை தரையைத் தட்டியது. அவள் பையிலிருந்து கேபிள் எடுக்கையில் கொக்கி கிணுங்கியது; அந்தச் சத்தத்துக்கு நாய் வயிற்றை இழுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

அக்கா கேபிளை மறுபடி பைக்குள் திணித்தாள். பழைய பட்டையை எடுத்து மெஷின் பலகைமேல் வைத்தாள்.

“இதுல ஒரு தப்பும் இல்லடா.”

“விடுக்கா.”

“நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டு அங்குலம் இருக்கு. தையல் ஒண்ணுகூட விலகல.”

“சமாதானம் சொல்லாதக்கா. நீயே பாத்துச் சொன்னதுதானே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அவன் துணியைத் திருப்பி ஊசிக்குக் கீழே வைத்தான்.

இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்த பெயர் ஒரு சுவர்போல எழுந்து அவள் முன்னாலேயே நின்றது. அதை அவள்தான் இடிக்க வேண்டியிருந்தது.

“நான் பாக்கலடா” என்றாள். “பாக்காமலே சொன்னேன்.”

மெஷின் நின்றது.

“தப்பு கயிறுல. அது கொஞ்சம்கூட கொடுக்கல. நீ கடையில சொன்னியே, எலாஸ்டிக்னு. அதேதான்.”

அவன் ஊசிக்குக் கீழே இருந்த துணியை மெல்ல உருவி எடுத்தான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

“டாக்டர் கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?”

பொய் சொல்ல ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. அப்போது தெரியாது, அப்புறம் யோசித்தபோதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மையும்கூட.

“தெரியும்” என்றாள்.

தம்பி எழுந்து ஜன்னலருகே போனான். நாற்பத்திரண்டு வருடத்தில் அவன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

“அஞ்சு நாளா இந்த மெஷின்ல உக்காரவே எனக்குப் பயமா இருக்குக்கா. நான் தைக்கிறது எதுவும் தாங்காதோன்னு. தெரு பூரா சொல்லிட்டேன், என் தையலாலதான்னு. மாடி வீட்டுப் பொண்ணு கைக்குழந்தையைத் தூக்குற பை தைக்கச் சொல்லித் துணி குடுத்திருந்தா. என் கையால வேணாம்மான்னு திருப்பிக் குடுத்துட்டேன். அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை...” அவன் நிறுத்தினான். “நாயைக் கூட்டிட்டுப் போங்கன்னு அந்த பண்ணைக்காரர்கிட்ட கெஞ்சியிருக்கேன். எனக்கு வளக்கத் தெரியலன்னு சொல்லி.”

“அவர் வர வேணாம்னு சொல்லிரு.”

“நீ சொல்லு” என்றான் தம்பி. “எல்லார்கிட்டயும் நீ சொல்லு.”

அவள் வாழ்க்கையில் தம்பி அவளுக்கு இட்ட முதல் கட்டளை அது. அக்கா தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுப் பண்ணைக்காரர் சின்ன வண்டியின் பின்னால் வைக்கோல் பரப்பிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா முன்னதாகவே வந்து வாசலில் நின்றாள்.

“நாய் வரலைங்க. மன்னிச்சுக்குங்க. வீணா அலைய விட்டுட்டோம்.”

“அது பரவால்லம்மா. உங்க வீட்டு நாய். ஆனா தையல்காரர் அவருக்குக் கட்டத் தெரியலன்னு...”

“அவன் கட்டல. நான் செஞ்ச கயிறு. நான்தான் தப்பாச் செஞ்சேன். செஞ்சுட்டு அவன் தலையில போட்டுட்டேன்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதானே கிரேன் யார்டுல கயிறு பாக்குறவங்க?”

“ஆமா.”

“அடடா” என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த ‘அடடா’ அவர் போன பிறகும் வாசலில் நின்றது.

தம்பி வெளியே வந்தான். முற்றத்து நடுவில் இருந்த குழாய் வேண்டாம் என்றான். வீட்டுச் சுவரின் மூலையைக் காட்டி, அங்கே அடித்தால் நிழலும் உண்டு, ஓடி வரவும் இடமில்லை என்றான். அக்கா சுவரில் துளை போட்டு வளையம் அடித்தாள். கேபிளை இன்றைக்கு மாட்டவில்லை. ஆறு வாரம் கழித்துத்தான். அதற்குள் நெஞ்சுப் பட்டை அவன் தைத்துவிடுவான். எட்டு மீட்டர் கயிற்றைக் குழாயிலிருந்து கழற்றும்போது பட்டன் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. கதவோரத்திலிருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. குரைக்கப் பார்த்தது, காற்றுதான் வந்தது.

பதினோரு மணிக்கு அக்கா தெருவில் இறங்கினாள். தம்பி ஐந்து வீடுகளைச் சொல்லியிருந்தான். துணி தேய்க்கிறவர், “அட, இதுக்காகவா வெயில்ல வந்தீங்க? உக்காருங்க, தண்ணி குடிங்க” என்றார். பள்ளிக்கூட ஆயாவுக்கு அவள் சொன்னது பாதி காதில் விழவில்லை, “அதெல்லாம் சரி, என் பேத்தி யூனிஃபார்ம் என்னைக்குத் தருவாராம்?” என்று கேட்டாள். அக்கா சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

மூன்றாவது, மாடி வீடு. கைக்குழந்தைக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். அக்கா யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னாள்.

“அந்தப் பை துணியை மறுபடி அவன்கிட்ட குடும்மா. அவன் தையல் நல்ல தையல். நான் கிரேன் கயிறு பாக்குறவ. ஒவ்வொரு நூலா பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். “தப்பா நினைச்சுக்காதீங்க. அவர் தையல் சரியில்லன்னு சொன்னதும் நீங்கதானாமே? அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க. இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க. நான் என் பிள்ளையை அதுல உக்கார வைக்கணுமே.”

சரியான கேள்வி. யார்டில் யாராவது இப்படி இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால் அவளும் இதையேதான் கேட்டிருப்பாள்.

“அன்னைக்குப் பாக்காம சொன்னேன்மா” என்றாள். “மானம் போயிடுமேன்னு சொன்னேன்.”

குழந்தை திரும்பி அக்காவின் கண்ணாடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அந்தப் பெண் கையை மெல்ல விலக்கினாள்.

“நானே வந்து அவர்கிட்ட பேசிக்கிறேன். யோசிச்சு.”

“சரிம்மா. வந்து பாரு. நீயே இழுத்துப் பாத்துக்கோ.”

கதவு சாத்திக்கொண்டது. அக்கா படியில் கொஞ்ச நேரம் நின்றாள். கீழே தெருவில் வெயில் சுள்ளென்று இருந்தது. இன்னும் இரண்டு வீடு பாக்கி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.